சுற்றுகிறதே என்று பயிற்சியை விட்டுவிட வேண்டாம்

அம்மாவுக்கு உள்காது நரம்பில் அழற்சி வந்து ஒரு மாதமாகிறது, பிசியோதெரபி பயிற்சி செய்தால் தலைசுற்றல் கூடுகிறது என்று நிறுத்திவிட்டார் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். பயிற்சியின்போது லேசாகச் சுற்றத்தான் செய்யும். அந்தத் தடுமாற்றத்தை உணர்ந்துதான் மூளை தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

உட்கார்ந்தபடி கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, நகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்பட்டும். நகம் மங்கலாகத் தெரிந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். முடித்த கால் மணி நேரத்தில் சுற்றல் அடங்கினால் அளவு சரி. அடங்காவிட்டால் நேரத்தைக் குறைக்கலாம். நின்று செய்வதெல்லாம் அப்புறம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது.

தலைசுற்றல் மாத்திரை இன்னும் தொடர்கிறதா? சில மாத்திரைகள் வாரக்கணக்கில் போனால் மூளை பழகுவதைத் தாமதப்படுத்தும். டாக்டரிடம் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, திடீரெனக் காது கேட்காமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.