ஓட்டே வாங்காத 88 பேர்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சிவகிரி. ஈரோடு மாவட்டம், மொடக்குறிச்சி தொகுதி. 2021-இல் எங்கள் தொகுதி முடிவு வெறும் 281 ஓட்டில் தீர்மானமானது. இது உண்மையில் யாருடைய கோட்டை? அடுத்து யார் பக்கம் சாயும்? 1996-இல் 1033 பேர் போட்டியிட்ட கேலிக்கூத்து நடந்ததும் இங்கேதான். எங்கள் அப்பாருவும் (தாத்தா) அதில் ஒருவர். ஒரு ஓட்டுகூட வாங்கவில்லை. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போடாத வேட்பாளர் என்று வீட்டில் இன்றும் கிண்டல் உண்டு. ஓட்டைச் சிதறடிக்கும் இப்படிப்பட்ட சுயேச்சைகளைத் தடுத்தால்தானே தேர்தல் ஒழுங்காக நடக்கும்?

கே., சிவகிரி

அன்புள்ள கே,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். 1977-இல் சுப்புலட்சுமி ஜெகதீசன் அங்கே அ.தி.மு.க.வில் நின்று ஜெயித்து எம்.ஜி.ஆர். அமைச்சரவைக்குப் போனார். அதே அம்மையார் 1996-இல் தி.மு.க. வேட்பாளராக ஜெயித்தார். 2006-இல் காங்கிரஸ், 2011-லும் 2016-லும் அ.தி.மு.க., 2021-இல் பா.ஜ.க.வின் சரஸ்வதி. அவரிடம் 281 ஓட்டில் தோற்றதும் சுப்புலட்சுமி ஜெகதீசன்தான். இதில் கோட்டை எங்கே இருக்கிறது? அடுத்து யார் என்று சொல்ல டிவியில் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அந்தக் 'கேலிக்கூத்து' என்ற சொல். பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி வருமே, ஒரே தொகுதியில் அதிக வேட்பாளர்கள் போட்டியிட்டது எங்கே என்று, அதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் யாரும் எதற்காக நின்றார்கள் என்று படித்ததில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பதில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கேட்டீர்களா?

அவர்கள் விவசாயிகள். சங்கம் வைத்து, தங்கள் கோரிக்கைகளை அரசு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கூட்டமாகப் போய் மனு தாக்கல் செய்தவர்கள். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். ஆயிரம் பேர் சேர்ந்தால் இரண்டரை லட்சம், அது திரும்பி வராது என்று தெரிந்தேதான் கட்டினார்கள். அதனால் தேர்தலே ஒரு மாதம் போலத் தள்ளிப்போனது, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. கண்டிப்புக்குப் பெயர் போன டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலம், நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஊரே நடுங்கிய அந்த மனிதரின் ஆணையத்தை, துண்டு போட்ட ஆயிரம் சம்சாரிகள் ஒரு மாதம் காத்திருக்க வைத்தார்கள்.

இப்போது அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். ஒரு ஓட்டும் வாங்காதவர்கள் மொத்தம் 88 பேர். இதைச் சொல்லித்தான் எல்லோரும் சிரிக்கிறார்கள், உங்கள் வீட்டிலும் சிரிக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். தன் பெயர் அச்சான புத்தகம் கையில் இருக்கும்போது, ஒரு மனிதர் பக்கம் பக்கமாகப் புரட்டி வேறொருவருக்கு முத்திரை குத்திவிட்டு வருகிறார் என்றால், தான் எம்.எல்.ஏ. ஆக வரவில்லை என்பதில் அவருக்கு எவ்வளவு தெளிவு இருந்திருக்க வேண்டும்! ஆட்சி மாற வேண்டும் என்று நினைத்திருப்பார், அல்லது மாறக் கூடாது என்று நினைத்திருப்பார், அது அவர் பாடு. ஓட்டை அதற்குப் போட்டார், பெயரைத் தன் குறைக்காகக் கொடுத்தார். இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. குழப்பிக்கொண்டது நாம்தான். ஓட்டு சிதறியது என்கிறீர்களே, ஓட்டே வாங்காதவர் யாருடைய ஓட்டைச் சிதறடித்தார்? ஆயிரம் பெயருக்கு நடுவிலும் மக்கள் உதயசூரியனைத் தேடிக் கண்டுபிடித்து ஜெயிக்க வைத்தார்களே!

எங்கள் அப்பா கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்காரர். இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசன நிலம், முறை வைத்துப் பாதிப் பாதியாகத் தண்ணீர். முறை வந்தாலும் கடைசி மதகுக்கு வந்து சேருமா என்பது வேறு கதை. அவர் கார்பன் தாள் வைத்து மனு எழுதுவார். ஒரு நகல் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் மட்டும் அவ்வப்போது வரும், சில சமயம் அறுவடை முடிந்த பிறகு. அவரை ஒருவரும் கிண்டல் செய்ததில்லை, ஏனென்றால் அவர் மனுவை ஒருவரும் படித்ததே இல்லை. உங்கள் அப்பாருவின் மனுவையோ அரசாங்கமே அச்சடித்து, தொகுதியில் ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தது.

தடுக்க வேண்டும் என்கிறீர்கள். தடுத்துவிட்டார்கள் கே, நன்றாகவே தடுத்துவிட்டார்கள். அதே 1996-இல் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், நாடாளுமன்றத்துக்கு 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லாதவர்களுக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். பிறகு அந்தத் தொகைகளும் 10,000, 25,000 என்று ஏறிவிட்டன. ஆயிரம் பேர் ஏன் வந்தார்கள் என்று விசாரிப்பதைவிட வாசலை ஒடுக்குவது சுலபம் அல்லவா?

அப்படியும் 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர் நின்றார்கள், அதில் 170-க்கும் மேல் விவசாயிகள். மஞ்சளுக்கு விலை, மஞ்சளுக்கு ஒரு வாரியம், இதுதான் கேட்டது. ஈரோட்டுக்காரருக்கு மஞ்சள் விலை என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு இயந்திரங்களை வரிசையாக வைத்து வாக்குப்பதிவு நடந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகளான கவிதா அங்கே தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் அதே நிஜாமாபாதில் தொடங்கப்பட்டது. ஒன்றினால்தான் மற்றொன்று என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 170 பேரை யாரும் கேலிக்கூத்து என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் செய்தது, இருபத்துமூன்று வருடம் முன்பு உங்கள் அப்பாரு செய்ததுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்த மதகு, என்ன கோரிக்கை, யார் யார் கூடப் போனார்கள், 250 ரூபாயை எங்கே புரட்டினார், ஓட்டை யாருக்குப் போட்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார், வற்புறுத்தாதீர்கள். மற்றதை எழுதி எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன். வீட்டில் அந்தக் கிண்டலை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.