மாலையானால் கால் வீங்குகிறது: சிறுநீரகமா, மாத்திரையா?

கேள்வி: வயது 56. மூன்று மாதமாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். சில வாரங்களாக மாலையில் இரண்டு கால்களும் வீங்கி, காலையில் வடிந்துவிடுகின்றன. சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மாத்திரையைத்தான். அம்லோடிபின், ரத்தத்தைக் கொண்டுவரும் நுண்ணிய தமனிகளை விரிக்கிறது. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை போன்ற தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. டோஸ் கூடக்கூட வீக்கமும் கூடும். நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் இது அவ்வளவாக வடியாது. அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் டோஸைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மருந்து தருவார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை சாப்பிட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவையும் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும்.

இன்று மாலை ஒரு சோதனை செய்யுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அது நீர் வீக்கம். குழியே விழாமல் தடித்திருந்தால் தைராய்டு குறைபாடு, நிணநீர் அடைப்பு பக்கம் யோசிப்போம்.

சிறுநீரக வீக்கம் பெரும்பாலும் வேறு மாதிரி வரும். காலையில் எழுந்ததும் கண் இமை உப்பியிருக்கும், சிறுநீர் நுரைக்கும். புரதம் வெளியேறுவதால்தான் அந்த நுரை. இதயம் பலவீனமானால் காலோடு மூச்சுத்திணறலும் வரும், படுத்தால் அதிகமாகும். கல்லீரல் என்றால் பெரும்பாலும் வயிறும் பெருக்கும்.

அப்படியானால் பரிசோதனையே வேண்டாமா? வேண்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), தைராய்டு, ஓர் ஈசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். மாத்திரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல, மற்றவை இல்லை என்று தெரிய வேண்டும் அல்லவா!

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அது காலின் சிரைக்குள் ரத்தம் உறைந்து அடைத்ததாக இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.