டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தர ஆள் எங்கே? வால்வு ஆம்ப் கட்டுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

முப்பது வருடமாக, பழைய ரேடியோவில் ஒளிரும் கண்ணாடிக் குழாய் வால்வுகளை வைத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறேன். அதில் பாதிக் காலம், வால்வின் சிக்னலை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் நானே சுற்றுகிறேன். எனக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்தவர் போன வருடம் இயந்திரத்தை விற்றுவிட்டு ஓய்வெடுக்கப் போய்விட்டார். அதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முடிந்தவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: வால்வு ஆம்ப் மோகம் கூடியிருக்கிறது என்கிறார்கள். அப்படியிருக்க, சுற்றித் தருபவர்கள் ஏன் ஒவ்வொருவராக மூடுகிறார்கள் சார்?

மோகம் கூடியது உண்மை. ஆனால் ஆர்டர் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவருக்கு ஒரு ஜோடி, இன்னொருவருக்கு வேறு அளவில் ஒரு ஜோடி. கணக்குப் போட்டு, கம்பி சுற்றும் சட்டமான பாபின் தயாரித்து, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்து, வார்னிஷ் ஏற்றிச் சோதித்து அனுப்ப ஜோடிக்கு இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். அதற்கு முன் பத்துக் கடிதம், பின் பத்துக் கடிதம். அந்தக் கடிதங்களுக்கு யாரும் கூலி தருவதில்லை.

முன்பு நிலைமை வேறு. 1947-ல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வில்லியம்சன் என்ற பொறியாளர் தன் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டபோது, அதன் உயிரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான். இங்கிலாந்தில் பார்ட்ரிட்ஜ், அமெரிக்காவில் யுடிசி, பியர்லெஸ், அக்ரோசவுண்ட் என்று டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் பெயர்கள் இருந்தன. ஆம்ப் கம்பெனிகள் மொத்தமாக வாங்கின. அதே பட்டறையில் நம்மைப் போன்றவர்களுக்கும் ஒன்றிரண்டு கிடைத்தது. 1956-ல் லின் என்ற பொறியாளர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர் சுற்றைக் காட்டினார். அதற்குப் பிறகு மொத்த ஆர்டர் மெல்ல மெல்ல வற்றியது.

இன்று யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கனடாவின் ஹாமண்ட் 1917-லிருந்து இருக்கிறது. ஆனால் அவர்கள் உலோகப் பெட்டியும் விற்கிறார்கள், தொழிற்சாலைகளுக்கான பவர் டிரான்ஸ்ஃபார்மரும் விற்கிறார்கள். ஸ்வீடனின் லுண்டால் 1958-லிருந்து இருக்கிறது. அவர்களுக்கு ஸ்டூடியோ, மைக் டிரான்ஸ்ஃபார்மர் வியாபாரம் கைகொடுக்கிறது. ஜப்பானின் டாங்கோ முழுக்க நம் கூட்டத்தை நம்பியே இருந்த பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய ஐஎஸ்ஓ என்ற கம்பெனி 2013-ல் கதவைச் சாத்தியது. நம்மை மட்டும் நம்பியவர்கள் விழுகிறார்கள். கசப்பாக இருந்தாலும் என் கணக்கு இதுதான்.

கேள்வி: இரும்பில் கம்பி சுற்றுவதுதானே அண்ணா? மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் கொடுத்தால் ஆகாதா?

பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் தாராளமாகக் கொடுங்கள். அவுட்புட் வேறு ஜாதி.

வால்வுப் பக்கச் சுருள் பிரைமரி, ஸ்பீக்கர் பக்கச் சுருள் செகண்டரி. 5,000 ஓம் பிரைமரி, 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 625. அதன் வர்க்கமூலம் 25. ஆக, பிரைமரிக்கு 2,500 சுற்று என்றால் செகண்டரிக்கு 100. இது பள்ளிக்கூடக் கணக்கு, யாரும் போடலாம். அந்த 2,500 சுற்றை எப்படிப் பிரித்து எங்கே வைக்கிறோம் என்பதுதான் வித்தை.

என் முதல் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி முழுவதையும் உள்ளே சுற்றி, செகண்டரியை அதன்மேல் ஏற்றினேன். சுற்று எண்ணிக்கை கச்சிதம். ஆனால் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே ஒலி சரியத் தொடங்கியது. தாளத்தட்டின் கிணுகிணுப்பு போர்வைக்குள்ளிருந்து கேட்டது. ஆசான் ஒன்றும் சொல்லாமல் பிளேடால் காகிதத்தைக் கிழித்துப் பிரிக்கச் சொன்னார். அடுத்த முறை பிரைமரியை மூன்றாகவும் செகண்டரியை இரண்டாகவும் உடைத்து, பிரைமரி, செகண்டரி, பிரைமரி, செகண்டரி, பிரைமரி என்று மாற்றி மாற்றி வைத்தோம். பிரைமரியின் நடுப் பங்கில் பாதி, ஓரப் பங்குகளில் கால் கால். இரண்டும் முட்டும் எல்லை ஒன்றிலிருந்து நான்காகிறது. ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதைத் தொடாமல் நழுவுவதால் வந்து உச்ச ஒலியைத் தின்னும் கசிவு இண்டக்டன்ஸ் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. இன்னும் துண்டாக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். எல்லை கூடக் கூட, சுருள்களுக்கு இடையே மின்னேற்றம் தேங்கும் அளவான கெபாசிட்டன்ஸ் ஏறும், அந்தப் பக்கமிருந்து உச்ச ஒலிக்கு உதை விழும். எங்கே நிறுத்துவது என்பது காகிதத்தின் தடிமன் வரை எல்லாவற்றையும் பொறுத்தது. கடை மூடும்போது நமக்குப் போவது இந்தத் தீர்மானம்தான். கம்பி எங்கும் கிடைக்கும்.

கேள்வி: 300பி சிங்கிள் எண்டட் ஆம்புக்கு ஒருவர் 10 ஹென்றி போதும் என்கிறார். இன்னொருவர் 30 ஹென்றி என்று விளம்பரம் செய்கிறார். யாரை நம்ப?

ஹென்றி என்பது பிரைமரி சுருளின் இண்டக்டன்ஸ் அளவு, அது கூடினால் பேஸ் கீழே வரை இறங்கும். 30-காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனை மில்லிஆம்ப் டிசி ஓடும்போது 30?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

300பி என்ற வால்வின் உள் எதிர்ப்பு சுமார் 700 ஓம். 3,500 ஓம் சுமையோடு இணையாகச் சேர்த்தால் 583. 10 ஹெர்ட்ஸில் 3 டெசிபல்தான் குறைய வேண்டும் என்றாலும் 9.3 ஹென்றி போதும். ஆகவே முதலாமவர் கணக்கு சரி. பென்டோடு என்ற ஐந்து மின்முனை வால்வை, வெளியீட்டில் கொஞ்சத்தை உள்ளே திருப்பும் ஃபீட்பேக் இல்லாமல் ஓட்டினால் கதை மாறும். அதன் உள் எதிர்ப்பு மிக அதிகம் என்பதால் 5,000 ஓம் சுமைக்கு 20 ஹெர்ட்ஸிலேயே 40 ஹென்றி கேட்கும்.

சிங்கிள் எண்டடில், அதாவது ஒரே வால்வு முழு அலையையும் ஓட்டும் அமைப்பில், வால்வின் டிசி (ஒரே திசை மின்சாரம்) முழுவதும் தகடு அடுக்கிய இரும்புக் கோர் மேல் ஒரே திசையில் அழுத்துகிறது. அதனால்தான் தகடுகளுக்கு நடுவே காற்று இடைவெளி விடுகிறோம். இடைவெளி இல்லாமல் மீட்டரில் 30 காட்டும் பெட்டி, 70 மில்லிஆம்ப் ஓடியதும் படுத்துவிடும்.

கேள்வி: வட்ட வடிவ டொராய்டு பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டு அவுட்புட்டாகப் பயன்படுத்தலாமா?

இரண்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்கும் புஷ் புல்லுக்கு மட்டும், சின்ன ஆசைகளோடு. 115 வோல்ட் பிரைமரி இரண்டும் 9 வோல்ட் செகண்டரியும் உள்ளதை எடுத்து, பிரைமரி இரண்டையும் தொடராகச் சேர்த்தால் இணைப்புப் புள்ளியே சென்டர் டேப், அதாவது நடு முனை. 8 ஓம் போட்டால் பிரைமரியில் சுமார் 5,200 ஓம் தெரியும். ஆனால் அது 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட்டுக்குச் செய்த கோர். அங்கே 10 வாட் தரும். 25 ஹெர்ட்ஸில் பாதி வோல்ட்தான் தாங்கும், அதாவது இரண்டரை வாட். ஆர்கன் இசை கேட்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம். காற்று இடைவெளி இல்லாததால் இரு வால்வுகளின் கரண்ட் சற்று ஏறுமாறானாலும் கோர் காந்தத்தால் நிறைந்துவிடும். சமன்செய்ய, திருகித் திருத்தும் ரெசிஸ்டரான பொடென்ஷியோமீட்டர் ஒன்று கட்டாயம்.

கேள்வி: ஒலிபெருக்கி அமைப்புகளில் வரும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர்?

பழகுவதற்கு அருமை. 100 வோல்ட்டின் வர்க்கமான 10,000-ஐ, ஒவ்வொரு டேப்பிலும் (இணைப்பு முனை) எழுதியிருக்கும் வாட்டால் வகுங்கள். இரண்டரை வாட் டேப் 4,000 ஓம், ஒன்றேகால் வாட் டேப் 8,000. சிங்கிள் எண்டடில் போட்டால் பேஸ் மெலியும்.

கேள்வி: தாத்தாவின் ரேடியோவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரி அறுந்துவிட்டது. ரீவைண்டிங் செய்ய யாரும் முன்வரவில்லை. தூக்கிப் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம். முதலில் வெளியே வரும் ஈயப் பற்று இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல நேரம் முடி போன்ற கம்பி அங்கேதான் அறுந்திருக்கும். பச்சைப் புள்ளி தெரிந்தால் ஈரக் காகிதமும் டிசியும் சேர்ந்து செம்பைத் தின்றிருக்கின்றன. கொஞ்சம் சுரண்டி, மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவைத்தால் சில சமயம் உயிர் வரும்.

அறுந்த இடம் உள்ளே என்றால் பிரிக்கத்தான் வேண்டும். அறுத்து எறியாமல் எண்ணிப் பிரியுங்கள். அடுக்குக்கு எத்தனை சுற்று, கம்பி விட்டம், காகிதம் எத்தனை, எந்த முனை எங்கே வந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். தகடுகளை எப்படி அடுக்கியிருந்தார்கள் என்பதற்குப் புகைப்படம் எடுங்கள். ஒரே பக்கமாக அடுக்கியிருந்தால் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். அதுதான் காற்று இடைவெளி. குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், நான் ஒருமுறை எறிந்திருக்கிறேன்.

கேள்வி: ஸ்டாம்பிங், அதாவது கோருக்கு வெட்டிய தகடு, கிடைப்பதும் கஷ்டமாகிவிட்டதே, ஏன்?

ஒரு காலத்தில் வீட்டு மின்சாதனங்கள் பலவற்றில் E, I எழுத்து வடிவத் தகடு அடுக்கிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அந்த இடத்தை, இவ்வளவு பெரிய இரும்பு தேவைப்படாத ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை பிடித்துவிட்டது. தகடு வெட்டும் அச்சுகள் அந்த மொத்த வியாபாரத்தை நம்பியவை. நாம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் தகடை வளைக்காமல் கழற்றுங்கள். வளைத்தால் அதன் காந்தக் குணம் கெடும்.

கேள்வி: ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்பது உண்மையா?

சிக்னல் உள்ளே போனால், உண்மை. சுமை இல்லாத பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைக்கும். புதிது சுற்றித் தர ஆள் இல்லாத காலத்தில் செகண்டரியின் குறுக்கே சில நூறு ஓமில் ஐந்து வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். முழு பாதுகாப்பு அல்ல, ஒரு தடுப்பு.

கேள்வி: உங்கள் ஆசான் தன் நோட்டுகளை என்ன செய்தார்?

என்னிடம் தந்தார். நான்கு நோட்டு, நீல மை, ஒவ்வொரு பக்கத்திலும் வார்னிஷ் விரல் தடம். அதிலிருந்து இஎல்34 என்ற வால்வுக்கான ஒரு புஷ் புல் வடிவத்தை அப்படியே சுற்ற முயன்றேன். அவர் வாங்கிய காகிதம் இப்போது வருவதில்லை. கிடைப்பது சற்றுத் தடிமன். கடைசி அடுக்கு வரும்போது, கோரில் சுருள் அமரும் துளையான ஜன்னலில் இடம் போதவில்லை, தகடு உள்ளே நுழையவில்லை. ஒரு அடுக்குக் காகிதத்தைக் குறைத்தால் நுழைகிறது, ஆனால் கெபாசிட்டன்ஸ் ஏறிவிடுகிறது. மூன்றாவது முறையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.