கேசட்டுக்குள் இருக்கும் சீர்காழியை மீட்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி வாசகி): அப்பா சேர்த்து வைத்த 40 கேசட்டுகள் பரணில் கிடந்தன. சீர்காழி கோவிந்தராஜன், நாகூர் ஹனிபா, இளையராஜா எல்லாரும் உண்டு. போட்டால் பஞ்சடைத்தாற்போல் கேட்கிறது. சிலவற்றில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?

பதில்: முடியும். வெள்ளை படிந்தவற்றை முதலில் பிரித்து வையுங்கள். அது பூஞ்சை; ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரத்தில் வருவது. அப்படியே ஓட்டினால் பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்த நல்ல கேசட்டுக்கும் போய்விடும். வெயிலில் வைக்காதீர்கள், கூடு நெளியும். இறுக மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் கிடக்கட்டும். திருகு போட்ட கேசட் என்றால் பிறகு திறந்து, மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் வைத்து உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம்.

சத்தம் அடைப்பதற்குப் பெரும்பாலும் ஹெட்டில் படிந்த பழுப்புத் தூள்தான் காரணம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், பஞ்சில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும்.

அப்படியும் தெளியாவிட்டால் ஹெட் சாய்ந்திருக்கலாம். அதன் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய திருகு இருக்கும். இருக்கும் நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். குரலின் கம்பீரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சீர்காழியின் வெண்கலக் குரல் எந்தச் சாய்விலும் கணீரென்றுதான் இருக்கும். ‘சின்னஞ்சிறு பெண் போலே’ என்று அவர் எடுக்கும்போது அந்தச் சகரம் கூராக விழுகிற இடமே சரி. கடையில் பதிந்து வாங்கிய கேசட்டுகள் வெவ்வேறு டெக்கில் பதிந்தவை, ஒவ்வொன்றுக்கும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கேசட் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஒடித்துவிடுங்கள், தப்பித்தவறி அழியாது. லைன் இன் (பிளேயரின் ஒலியை வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி கருவி வழியே கம்ப்யூட்டரில் பதியுங்கள்; லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் ஒலி பிளந்துவிடும். ஹனிபா ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்று உச்சத்துக்குப் போகும் இடத்தை முதலில் ஓட்டி, முள் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவு வையுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): பாட்டு சரியாக இருக்கிறது, நாகஸ்வரம் மட்டும் அலைகிறதே?

பதில்: பாட்டும் அலைகிறது, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் தெரியவில்லை. நீட்டிப் பிடிக்கும் நாகஸ்வர ஸ்வரம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பிளேயரின் பெல்ட் தளர்ந்திருக்கும். பழையது நீண்டுபோயிருக்கும் என்பதால், அதை நூலால் அளந்து சற்றே சிறியதாக வாங்கிப் போடுங்கள்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): ‘ஸ்ஸ்’ இரைச்சலை மென்பொருளில் முழுக்க நீக்கலாமா?

பதில்: வேண்டாம். ஜால்ராவும் சேர்ந்து போய், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும். 6 டெசிபெல் குறைத்தால் போதும், அதுவும் நகலில்.