வெயில் இருக்கும்போதே

வணக்கம் ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கில மரபுத்தொடர்கள் நூறு கொண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி ஒப்பிப்பது காலையில் மறந்துபோகிறது. ‘மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்’ என்பதற்கு ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று சொன்னேன். “தூத்துறதுன்னா திட்டுறதுதானேம்மா?” என்கிறாள். இதையெல்லாம் எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து டெல்டாவில் அறுவடை இயந்திரம்தான். அறுப்பது, அடிப்பது, தூற்றுவது எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே முடிந்து, நெல்லாக வெளியே கொட்டுகிறது. களத்தில் முறத்தை உயரத் தூக்கிச் சரிக்கும்போது பதர் காற்றோடு தள்ளிப்போய் விழுவதையும், மணி காலடியில் குவிவதையும் அவள் எங்கே பார்த்தாள்? காற்று நின்றால் வேலையும் நின்றுவிடும், களத்து ஓரத்தில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். இது தெரியாத பிள்ளைக்கு நம் பழமொழியும் இன்னொரு மனப்பாடமாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத் தொடருக்கு வருவோம். ‘வெயில் இருக்கும்போதே ஹேயைக் காயவைத்துக்கொள்’ என்கிறது அது. ‘ஹே’ என்பதைக் கையேடுகளில் வைக்கோல் என்று போட்டுவிடுகிறார்கள். வைக்கோல் கதிரடித்த பிறகு மிஞ்சுகிற தாள். ஹே என்பது பச்சைப் புல்லை அறுத்து, வெயிலில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்த தீவனம். இங்கிலாந்தில் கோடையிலும் மழையை நம்ப முடியாது. காய்வதற்குள் நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு. தீவனம் வீணானால் குளிர்காலம் முழுக்க மாடு எதைத் தின்னும்? அந்தப் பதைப்பில் பிறந்த பேச்சு இது. 1546-இல் அங்கே அச்சான பழமொழித் தொகுப்பிலேயே இருக்கிறது.

சரி, திருத்துறைப்பூண்டிப் பிள்ளைக்கு இதை எங்கே காட்டுவது? தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது சாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தார்ச்சாலையில் பாதிக்கு நெல் காயும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அரசு தளர்த்தினால்தான் உண்டு. ஒரு அம்மா வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடப்பார். அவர் போன வழியெல்லாம் சின்னச் சின்னச் சாலாகக் கோடு விழும். நடுவில் குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. பக்கத்திலேயே தார்ப்பாய் தயாராகக் கிடக்கும். வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஓடிவந்து குவித்து மூடுவார்கள். அங்கேயே நின்று அந்த ஆங்கிலத் தொடரைச் சொல்லுங்கள். அர்த்தத்தை அவளே சொல்லிவிடுவாள்.

சிலர் இந்த இரண்டு தொடருக்குமே சந்தர்ப்பவாதம் என்று பொருள் எழுதுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பாடுபட்டதைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுகிறவர்களின் வார்த்தையை, அடுத்தவன் பொருளைச் சுருட்டுகிறவனுக்கு எடுத்துக் கொடுக்கலாமா?

மற்றவற்றையும் இப்படியே தேடுங்கள். ‘ரெட் டேப்’ சட்ட, அரசு ஆவணங்களைக் கட்டிய சிவப்பு நாடா. பட்டா மாற்றத்துக்கு அலைந்த வீட்டில் அதற்கு விளக்கமே வேண்டாம். ‘நோ த ரோப்ஸ்’ பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று தெரிந்தவன், அதாவது வேலையின் நெளிவுசுளிவு அறிந்தவன்.

‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மட்டும் வேறு மாதிரி. கூரைமேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது, சொல்லிக்கொடுக்காதீர்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அவ்வளவுதான்.

நூறையும் ஒரே மூச்சில் திணிக்க வேண்டாம், வாரத்துக்கு நாலைந்து போதும். அப்புறம், ஒவ்வொன்றுக்கும் அவளையே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதில் உங்கள் ஊர்ச் சாலையும் நெல்லும் தார்ப்பாயும் தாராளமாக வரட்டும்.