பட்டாளத்துச் சமையல் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 18 வயது. பத்தாவது பாஸ். இரண்டு வருஷமாகத் தவசுப்பிள்ளை (சமையல்காரர்) ஒருவரிடம் கல்யாணச் சமையல் வேலைக்குப் போகிறான். ராணுவத்தில் சமையல்காரனாகச் சேர வேண்டும் என்கிறான். துப்பாக்கி எடுக்க வேண்டியதில்லையே, பக்கத்தில் விஜயநாராயணத்திலேயே போடுவார்களா?"

அம்மா, முதலில் துப்பாக்கி விஷயம். எடுக்கத்தான் வேண்டும். நானும் பட்டாளத்தில் கரண்டி பிடித்தவன்தான், ஆனால் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் மற்றவர்களோடு ஓடி, விழுந்து, சுட்டுப் பழகிய பிறகுதான் சமையல் பயிற்சிக்கே அனுப்பினார்கள். எல்லையில் இருக்கும் யூனிட்டுக்குப் போனால் சமையல்காரனும் அங்கேதான் இருப்பான். அதை மனதார ஏற்றுக்கொண்டால் மட்டும் அனுப்புங்கள். விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படையின் தளம், தரைப்படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடற்படையில் சேர்ந்தாலும் முதலில் ஒடிசாவில் உள்ள சில்காவுக்குத்தான் பயிற்சிக்குப் போக வேண்டும், அப்புறம் எங்கே போடுவார்கள் என்பது அவர்கள் கையில்.

தரைப்படையில் இப்போது அக்னிவீர் டிரேட்ஸ்மேன் என்ற பெயரில்தான் நாலு வருஷத்துக்கு எடுக்கிறார்கள் (டிரேட்ஸ்மேன் என்றால் சமையல் போன்ற தொழில் வேலை பார்ப்பவர்), அதில் 'செஃப்', அதாவது சமையல்காரர், ஒரு பிரிவு. பத்தாவதில் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம் போதும், நம் ஊர் பாஸ் மார்க்கே 35 என்பதால் கவலை வேண்டாம். நெல்லை மாவட்டத்துக்கு ஆள்சேர்ப்பு அலுவலகம் திருச்சி. முதலில் ஆன்லைன் தேர்வு, தமிழிலேயே எழுதலாம். தேறினால் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், உடற்தகுதி, மருத்துவம்.

பணம் எப்படி என்றால், முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்க் கையில் 21,000 வரும். நாலாம் வருஷம் 40,000. நாலு வருஷம் முடிந்து வெளியே வரும்போது அரசின் பங்கும் வட்டியும் சேர்த்துச் சுமார் 11.7 லட்சம் கிடைக்கும். பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். இந்த நாலு வருஷக் கணக்கு பிடிக்காவிட்டால் எல்லைப் பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிள் டிரேட்ஸ்மேன் பதவியில் சமையல் பிரிவு இருக்கிறது, அது நிரந்தர வேலை. ஆனால் பத்தாவதோடு உணவுத் தயாரிப்பில் என்.எஸ்.க்யூ.எஃப். (தேசியத் திறன் தகுதி அமைப்பு) முதல் நிலைச் சான்றிதழும் கேட்கிறார்கள், அதை இப்போதே படித்து வைத்தால் நல்லது.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஆக்குப்புரையில், அதாவது கல்யாணச் சமையல் கொட்டகையில், வளர்ந்த பையனுக்கு அளவு பயம் இருக்காது, கிடாரம் மாதிரிப் பெரிய பாத்திரத்தைப் பார்த்து மலைக்க மாட்டான். அவனுக்குச் சிக்கல் ரொட்டிதான். அங்கே சமையல்கூடத்தை லங்கர் என்போம். காலை 4 மணிக்கு மாவு பிசைய உட்கார்ந்தால், நூறு பேருக்கு மேல் ரொட்டி தேய்த்து முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். எனக்கு முதல் மாதம் ரொட்டி ஒன்றுகூட வட்டமாக வரவில்லை, பஞ்சாப்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, மாவைப் பிசைந்ததும் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடு என்று சொல்லிக்கொடுத்த பிறகுதான் கை வந்தது. லடாக்கில் இன்னொரு பாடம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் அரிசி அரிசியாகவே நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. அந்தக் குளிரில் காவல் முடிந்து வருகிறவன் கையில் சூடாக ஒரு தட்டு கொடுக்கிறோமே, அவன் முகத்தைப் பார்த்தால் இந்த வேலையின் பெருமை தெரியும். நம் பையன்கள் இருக்கும் யூனிட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதி வைத்துப் பாருங்கள், கண் கலங்கிவிடுவார்கள்.

இன்னொன்று. இடம் வாங்கித் தருகிறேன் என்று எவன் பணம் கேட்டு வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்படி 2 லட்சம் இழந்தான். தரைப்படைக்கான அறிவிப்பு, விண்ணப்பம், வயது வரம்பு எல்லாம் ஜாயின் இந்தியன் ஆர்மி தளத்தில்தான் வரும். அறிவிப்பு வரும்வரை பையன் விடியற்காலையில் ஆற்றங்கரையில் ஓடட்டும், ராத்திரி வீட்டுக்கு அவனே சப்பாத்தி போடட்டும்.