பழைய நிக்கோன் லென்ஸை வானியல் கமெராவில் பூட்டிப் பால்வீதியை எடுக்கலாமா? என்ன அடப்டர் வாங்குவது?

எடுக்கலாம். முள்ளியவளைப் பக்கம் எங்கள் வளவில் இருந்து நான் அப்படித்தான் எடுக்கிறேன். முன்னால் நிக்கோனின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், பின்னால் குளிரூட்டி உள்ள கலர் கமெரா.

அடப்டர் என்பது லென்ஸுக்கும் கமெராவுக்கும் இடையில் பூட்டும் வளையம், அதன் தடிப்புக்கு ஒரு கழித்தல் கணக்குப் போதும். லென்ஸ் பூட்டும் முகத்தில் இருந்து சென்சர் வரை நிக்கோன் எஃப் லென்ஸுக்கு 46.5 மி.மீ. வேண்டும், கெனன் இஎஃப் என்றால் 44. என் கமெராவில் சென்சர் முகப்பில் இருந்து 17.5 மி.மீ. உள்ளே இருக்கிறது, ஆகவே அடப்டர் 29 மி.மீ. உங்கள் கமெராவில் அது 12.5 ஆகவோ 6.5 ஆகவோ இருக்கலாம், அதோடு வந்த வரைபடத்தைப் பாருங்கள்.

நான் 29 என்று போட்டிருந்ததையே இணையத்தில் வாங்கினேன். அன்றிரவு கேட்டை நட்சத்திரத்துக்குத் திருப்பி, ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் முட்டும்வரை சுற்றினேன். நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கி வந்து கடைசியில் ஒரு அப்பளமாகவே நின்றுவிட்டது. லென்ஸ்தான் பழுது என்று திட்டிக்கொண்டு போய்ப் படுத்தேன். விடியவும் வளையத்தைத் தொடாமல் வேலிப் பக்கம் திருப்பினால், ஒரேயொரு கதியால் மட்டும் பட்டையில் இருந்த வெடிப்புத் தெரிகிற அளவுக்குக் கூராக நிற்கிறது. நாடாவால் அளந்தேன், இரண்டரை மீற்றர். 50 மி.மீ. லென்ஸை ஒரு மில்லிமீற்றர் அதிகமாகத் தள்ளி வைத்தால், முடிவிலியில் வைத்தாலும் அது பார்ப்பது அந்தத் தூரத்தைத்தான்: 50ஐ 50ஆல் பெருக்கி 1ஆல் வகுத்தால் 2500 மி.மீ. நுணுக்கமாக அளக்கும் வேர்னியரை வைத்துப் பார்த்தேன், அடப்டர் 30. விற்றவரோடு மல்லுக்கட்ட மனமில்லை, பரந்தனில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து ஒரு மில்லிமீற்றர் சீவுவித்தேன்.

அதனால் சந்தேகம் என்றால் கொஞ்சம் மெல்லியதாக வாங்குங்கள். அரை மில்லிமீற்றர் குறைந்தால் வளையத்தைச் சற்றுத் திருப்பிச் சரிக்கட்டலாம், கூடினால் லேத் பட்டறைதான்.

பழைய திருகு லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதுவும் 42 மி.மீ., கமெரா முகப்பும் 42 மி.மீ. என்று நேரே திருகிவிடாதீர்கள். லென்ஸின் மரை 1 மி.மீ. இடைவெளி, கமெராவினுடையது 0.75. ஒரு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், பலம் போட்டால் மரை போச்சு.

கலர் கமெராக்கள் பலவற்றில் சென்சருக்கு முன்னால் வெறும் கண்ணாடிதான். லென்ஸ் அகச்சிவப்பை வேறு இடத்தில் குவிப்பதால் நட்சத்திரங்கள் ஊதிப்போய் வரும். புறஊதா, அகச்சிவப்பு இரண்டையும் வெட்டும் ஃபில்டர் ஒன்றை இடையில் போட்டேன், அடுத்த படத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. 2 மி.மீ. கண்ணாடி குவியத்தை ஏறக்குறைய 0.67 மி.மீ. பின்னுக்குத் தள்ளும், ஆகவே இப்போது என் லென்ஸுக்கு முடிவிலி வளையத்தில் உள்ள மூன்று மீற்றர் குறிக்கும் ஐந்து மீற்றர் குறிக்கும் இடையில் எங்கேயோ. அதனால் குறியை நம்புவதே இல்லை. பிரகாசமான நட்சத்திரத்தில் பார்த்துக் கூராக்கி, வளையத்துக்கு டேப் ஒட்டிவிடுவேன்.

லென்ஸின் ஒளித் துவாரத்தை முழுக்கத் திறந்தால் மூலையில் உள்ள நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைக்கும், நான் எஃப் 2.8க்கும் எஃப் 4க்கும் இடையில் நிறுத்துகிறேன். பழைய நிக்கோனில் இதற்குக் கையால் திருப்பும் வளையம் இருக்கிறது, எனக்கு அதுவே பெரிய விஷயம். கெனன் இஎஃப் லென்ஸில் கமெரா மின்சாரம் கொடுத்தால்தான் துவாரம் சுருங்கும், சாதாரண அடப்டரில் அது திறந்தபடியேதான் கிடக்கும்.

வானத்தைப் பின்தொடரும் கருவி இல்லாவிட்டாலும் தொடங்கலாம். என் கமெராவின் பிக்சல் 3.76 மைக்ரோன், 50 மி.மீ. லென்ஸில் அது வானத்தில் 15.5 வில்செக்கன் (ஒரு பாகையில் 3600 வில்செக்கன்). வானமோ ஒரு செக்கனுக்கு 15 வில்செக்கன் நகர்கிறது. ஆக செக்கனுக்கு ஒரு பிக்சல். இரண்டு செக்கன் படமாக முந்நூறு எடுத்து, இலவசமாகக் கிடைக்கும் சிரில் என்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறேன். கருவி வாங்கினாலும் அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேண்டும், வன்னியில் அது ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கிறது, எனக்கென்றால் பக்கத்து வளவுப் பனங்கூடலுக்குப் பின்னால்.